இரண்டு விண்மீன்களுக்கு நடுவே எத்தனை பாகை? கோணத் தொலைவைக் கணக்கிடும் முழு வழிகாட்டி

திருமணத்தில் அம்மி மிதித்து அருந்ததி பார்க்கச் சொல்வார்கள். சங்கப் பாடல்களில் வடமீன் என்று வருவதும் இந்த அருந்ததிதான். சப்தரிஷி மண்டலத்தின் வால் பகுதியில் வசிட்டர் பக்கத்தில் மங்கலாகத் தெரியும். மொட்டைமாடியில் நின்று அதைக் காட்டியபோது என் அக்கா மகள் கேட்டாள்: "ரெண்டுக்கும் நடுவுல எவ்வளவு தூரம் மாமா?"

அந்தக் கேள்விக்கு இரண்டு விதமாகப் பதில் சொல்லலாம். ஒளியாண்டில் சொல்வது ஒன்று. நம் கண்ணிலிருந்து கிளம்பும் இரண்டு பார்வைக் கோடுகளுக்கு இடையே உள்ள கோணத்தைச் சொல்வது இன்னொன்று. இந்தக் கட்டுரை இரண்டாவதைப் பற்றியது. ரோகிணி நம்மிடமிருந்து ஏறத்தாழ 65 ஒளியாண்டில் இருக்கிறது, திருவாதிரை அதைப்போலப் பல மடங்கு தள்ளி இருக்கிறது. வானத்தில் அவற்றின் இடைவெளியை அளக்கும்போது அந்த ஆழம் கணக்கில் வராது. எல்லா விண்மீன்களும் நம்மைச் சுற்றிய ஒரே வான்கோளத்தின் உட்புறத்தில் ஒட்டியிருப்பதாக வைத்துக்கொண்டு கோணத்தை மட்டும் அளக்கிறோம். அதுவே கோணத் தொலைவு.

கணக்குக்கு முன்னால் கை

கையை முழுவதும் நீட்டி ஒரு கண்ணை மூடிக்கொள்ளுங்கள். சுண்டுவிரலின் அகலம் சுமார் 1 பாகை. நடுவிலுள்ள மூன்று விரல்களைச் சேர்த்தால் 5, மூடிய முட்டி 10. சாண் விரித்தால் பெருவிரல் நுனியிலிருந்து சுண்டுவிரல் நுனிவரை 20 பாகைக்குச் சற்று மேல். முழுநிலா வெறும் அரைப் பாகைதான். பெரும்பாலானோர் இதை நம்ப மாட்டார்கள், சுண்டுவிரலால் நிலாவை மறைத்துப் பார்த்த பிறகே ஒப்புக்கொள்வார்கள்.

சோழமண்டலக் கரை மாலுமிகள் இராப்பலகை என்ற கயிறு கட்டிய பலகையைக் கண்ணுக்கு நேராகப் பிடித்துத் துருவ மீனின் உயரத்தை விரல் கணக்கில் அளந்தார்கள். அரபு மாலுமிகளின் அளவும் விரல்தான். அவர்கள் முழு வட்டத்தை 224 விரலாகப் பிரித்தார்கள், ஒரு விரல் சுமார் 1.6 பாகை. கையளவை நான் முதலில் வைப்பதற்குக் காரணம் உண்டு. பின்னால் வரும் எந்தச் சூத்திரத்தில் தவறினாலும், விடை தவறு என்று முதலில் எச்சரிப்பது கைதான்.

படி 1: ஆள்கூறுகளை எடுப்பது

பூமியில் ஓர் ஊரைச் சொல்ல அட்சரேகையும் தீர்க்கரேகையும் போல, வானில் ஒரு விண்மீனைச் சொல்லவும் இரண்டு எண்கள் வேண்டும். வான நடுவரைக்கு (பூமியின் நடுவரையை வானில் நீட்டிய வட்டம்) வடக்கே அல்லது தெற்கே எத்தனை பாகை என்பது நடுவரை விலக்கம். ஆங்கில வழியில் படித்தவர்கள் டெக்லினேஷன் என்பார்கள். வடக்கு கூட்டல், தெற்கு கழித்தல். கிழக்கு நோக்கி அளக்கும் மற்ற எண் வல எழுச்சிக் கோணம், அதாவது ரைட் அசென்ஷன். இது 0 முதல் 24 மணிவரை நேர அலகில் எழுதப்படும். வானம் ஏறத்தாழ ஒரு நாளில் ஒரு சுற்றுச் சுற்றுவதால் வந்த வழக்கம் இது.

ஸ்டெல்லேரியம் போன்ற இலவச மென்பொருளில் விண்மீனைச் சொடுக்கினாலே இரண்டும் கிடைக்கும். அங்கே இரண்டு வரிசைகள் இருக்கும்: ஜே2000 என்று குறித்தது, அதாவது 2000ஆம் ஆண்டுத் தொடக்கத்துக்கானது ஒன்று, இன்றைய நாளுக்கானது மற்றொன்று. எதை எடுத்தாலும் சரி, இரண்டு விண்மீன்களுக்கும் ஒரே வகையை எடுங்கள். பூமியின் அச்சு மெல்லச் சுழல்வதால் ஆள்கூறுகள் ஆண்டுக்குச் சுமார் 50 விகலை நகர்கின்றன (பாகையில் அறுபதில் ஒரு பங்கு கலை, கலையில் அறுபதில் ஒரு பங்கு விகலை). கால் நூற்றாண்டில் அது 20 கலையைத் தாண்டிவிடும். ஒன்றை ஜே2000இலும் மற்றதை இன்றைய நாளிலும் எடுத்தால் நிலாவின் அகலத்தில் பாதிக்குமேல் பிழை வரக்கூடும். இரண்டையும் ஒரே வகையில் எடுத்தால் அந்தப் பயம் இல்லை. அச்சுச் சுழற்சி ஆள்கூற்று வலையைத்தான் நகர்த்துகிறது, விண்மீன்களுக்கு இடையிலுள்ள கோணத்தை அது மாற்றாது.

இந்த வழிகாட்டி முழுவதும் நமக்குத் துணைவரும் இரு விண்மீன்கள்:

திருவாதிரை: 5 மணி 55 நிமிடம் 10.3 விநாடி, +7 பாகை 24 கலை 25 விகலை
ரோகிணி: 4 மணி 35 நிமிடம் 55.2 விநாடி, +16 பாகை 30 கலை 33 விகலை

மார்கழி இரவில் கிழக்கே பார்த்தால் இரண்டும் செந்நிறமாகத் தெரியும்.

படி 2: எல்லாவற்றையும் பாகையாக்குவது

தொடங்குவோர் தடுக்கி விழும் முதல் இடம் இது. இங்கே தமிழ் நமக்குப் பெரிய உதவி செய்கிறது. ஆங்கிலத்தில் நேரத்தின் நிமிடத்துக்கும் கோணத்தின் அறுபதில் ஒரு பங்குக்கும் ஒரே சொல். நமக்கு நேரத்தில் நிமிடம், விநாடி. கோணத்தில் கலை, விகலை. பஞ்சாங்கக்காரர்கள் காத்துவந்த இந்த வேறுபாட்டை விட்டுவிடாதீர்கள். 24 மணி என்பது 360 பாகை. ஆகவே 1 மணி 15 பாகை, 1 நிமிடம் 15 கலை, 1 விநாடி 15 விகலை. நிமிடத்தையும் கலையையும் ஒன்றென்று நினைத்தால் விடை 15 மடங்கு தவறும்.

திருவாதிரை: 5 மணிக்கு 75, 55 நிமிடத்துக்கு 13.75, 10.3 விநாடிக்கு 0.0429. கூட்டினால் 88.7929 பாகை. ரோகிணி: 60 + 8.75 + 0.23 = 68.9800 பாகை. நடுவரை விலக்கத்தில் கலையை 60ஆலும் விகலையை 3600ஆலும் வகுத்துக் கூட்டினால் போதும்: 7.4069, 16.5092.

தெற்கு விண்மீன்களில் கழித்தல் குறி முழு எண்ணுக்கும் உரியது. ரீகல் என்ற விண்மீனின் விலக்கம் −8 பாகை 12 கலை 6 விகலை. இதை −8 + 0.2017 என்று போட்டால் −7.798 வரும், அது தவறு. முதலில் குறியில்லாமல் கூட்டி, கடைசியில் குறி போடுங்கள்: −8.2017. இதைவிட நயமான கண்ணி மின்டகா. மிருகசீரிடத்து வேட்டைக்காரன் எனப்படும் ஒரியன் மண்டலத்தின் இடுப்புப் பட்டையில் உள்ள மூன்று விண்மீன்களில் ஒன்று. அதன் விலக்கம் −0 பாகை 17 கலை 57 விகலை. விரிதாளில் பாகைக்கு ஒரு கட்டம் ஒதுக்கி −0 என்று தட்டினால் அது வெறும் 0 ஆகிவிடும், குறி தொலைந்துபோகும். விண்மீன் நடுவரையைத் தாண்டி வடக்கே குதித்து 36 கலை பிழை வரும். குறிக்கென்று தனிக் கட்டம் வைப்பதே பாதுகாப்பு.

படி 3: ஏன் பிதாகரஸ் போதாது

இரண்டு வேறுபாடுகளையும் வர்க்கித்துக் கூட்டி வர்க்கமூலம் எடுத்தால் என்ன என்று எல்லோருக்கும் தோன்றும். சப்தரிஷி மண்டலத்தின் இரு முனைகளில் செய்து பாருங்கள். கிரது எனப்படும் துபே 165.932 பாகை, விலக்கம் +61.751. வால் நுனியில் மரீசி எனப்படும் அல்கைட் 206.885 பாகை, விலக்கம் +49.313. வேறுபாடுகள் 40.953, 12.438. பிதாகரஸ் சொல்வது 42.8 பாகை. கையை நீட்டிப் பாருங்கள், மண்டலம் முழுவதும் ஏறத்தாழ இரண்டரை முட்டிதான். உண்மையான விடை 25.7.

தீர்க்கரேகைக் கோடுகள் துருவத்தை நோக்கி நெருங்குவதுதான் காரணம். நடுவரையில் 1 பாகை வல எழுச்சி உண்மையில் 1 பாகை. 60 பாகை வடக்கே அது அரைப் பாகைதான், ஏனென்றால் கொசைன் 60 அரை. ஆகவே வல எழுச்சி வேறுபாட்டை, இரண்டு விலக்கங்களின் சராசரியின் கொசைனால் பெருக்கிவிட்டுப் பிதாகரஸ் போட்டால் கிட்டத்தில் வரலாம். மேலே சொன்ன இணைக்கு அப்படிச் செய்தால் 26.3 வருகிறது. இன்னும் ஒரு நிலா அகலத்துக்குமேல் பிழை. சில பாகைக்குள் உள்ள இடைவெளிக்கு இந்தக் குறுக்குவழி நன்றாகவே வேலை செய்யும், பெரிய இடைவெளிக்கு உதவாது.

படி 4: முழுச் சூத்திரம்

வ என்பது வல எழுச்சிக் கோணம், ந என்பது நடுவரை விலக்கம், தொ என்பது நாம் தேடும் தொலைவு, வே என்பது வ1 − வ2.

கொசைன் தொ = சைன் ந1 × சைன் ந2 + கொசைன் ந1 × கொசைன் ந2 × கொசைன் வே

இதை மனப்பாடம் செய்ய வேண்டாம், எங்கிருந்து வருகிறது என்று தெரிந்தால் மறக்காது. கோளத்தின் மையத்திலிருந்து ஒவ்வொரு விண்மீனுக்கும் 1 அலகு நீளமுள்ள அம்பு ஒன்றை வரையுங்கள். அம்பின் மூன்று கூறுகள்: கொசைன் ந × கொசைன் வ, கொசைன் ந × சைன் வ, சைன் ந. பள்ளியில் படித்த புள்ளிப் பெருக்கம் நினைவிருக்கும்: கூறுகளை இணையிணையாகப் பெருக்கிக் கூட்டினால் இரு அம்புகளுக்கும் இடையிலுள்ள கோணத்தின் கொசைன் வரும். முதல் இரண்டு கூறுகளின் பெருக்கம் சுருங்கி கொசைன் வே ஆகிறது, மூன்றாவது சைன்களின் பெருக்கமாக நிற்கிறது. சூத்திரம் அவ்வளவுதான்.

கால்குலேட்டரைத் தொடுமுன் சைன் 30 என்று தட்டுங்கள். 0.5 வந்தால் பாகையில் இருக்கிறது. −0.988 வந்தால் ரேடியனில் இருக்கிறது, மாற்றிக்கொள்ளுங்கள். இனி நம் இணை:

சைன் 7.4069 = 0.12892, கொசைன் = 0.99166
சைன் 16.5092 = 0.28417, கொசைன் = 0.95877
வே = 88.7929 − 68.9800 = 19.8129, கொசைன் = 0.94080

சைன்களின் பெருக்கம் 0.03663. கொசைன் மூன்றின் பெருக்கம் 0.89449. கூட்டினால் 0.93113. அதன் நேர்மாறு கொசைன் 21.39 பாகை. வெளியே போய்ச் சாண் விரித்துப் பாருங்கள், ஒரு நுனியில் திருவாதிரையும் மறு நுனியில் ரோகிணியும் ஏறக்குறைய அமரும்.

இந்தச் சூத்திரத்தில் எனக்குப் பிடித்த இன்னொன்று, 24 மணி எல்லையை அது தானாகவே கவனித்துக்கொள்வது. பூரட்டாதியின் ஷியாட் 23 மணி 3 நிமிடம் 46 விநாடியில் இருக்கிறது, உத்திரட்டாதியின் அல்பெராட்ஸ் 0 மணி 8 நிமிடம் 23 விநாடியில். நேராகக் கழித்தால் 343.85 பாகை. உண்மை வேறுபாடு 16.15. இரண்டுக்கும் கொசைன் ஒன்றே, ஆகவே முழுச் சூத்திரம் தவறாது. படி 3இல் சொன்ன குறுக்குவழியில் மட்டும் 180க்கு மேல் வந்தால் 360இலிருந்து கழித்துக்கொள்ள வேண்டும்.

படி 5: அருந்ததியிடம் இந்தச் சூத்திரம் தடுமாறுகிறது

இப்போது அக்கா மகளின் கேள்விக்கு வருவோம்.

வசிட்டர்: 13 மணி 23 நிமிடம் 55.5 விநாடி, +54 பாகை 55 கலை 31 விகலை
அருந்ததி: 13 மணி 25 நிமிடம் 13.5 விநாடி, +54 பாகை 59 கலை 17 விகலை

மேற்படி சூத்திரத்தில் போட்டால் கொசைன் தொ = 0.9999941 வரும். இதை நான்கு இலக்கத்தில் முழுமையாக்கினால் 1, தொலைவு பூச்சியம், வசிட்டரும் அருந்ததியும் ஒன்றாகிவிடுவார்கள். ஐந்து இலக்கம் வைத்தால் 15.4 கலை, ஆறு வைத்தால் 11.9. பூச்சியத்துக்கு அருகே கொசைன் வளைவு தட்டையாக இருப்பதால் கோணம் மாறினாலும் கொசைன் அசைவதே இல்லை. கணினியில் பதினைந்து இலக்கம் இருப்பதால் கலையளவில் பயமில்லை, ஆனால் இரட்டை விண்மீன்களின் விகலைப் பின்னங்களுக்குப் போனால் அங்கும் இதே கதைதான்.

கடலில் மடக்கை அட்டவணையை வைத்துக் கணக்கிட்ட மாலுமிகளுக்கு இது நன்றாகத் தெரியும். அவர்கள் பயன்படுத்திய வழி ஹாவர்சைன். இந்தப் பெயரை 1835இல் ஜேம்ஸ் இன்மன் தன் கடற்பயணக் கணித நூலில் வைத்தார். கொசைனை விட்டுவிட்டு அரைக் கோணத்தின் சைனைப் பிடிப்பதுதான் உத்தி:

சைன்²(தொ/2) = சைன்²((ந1 − ந2)/2) + கொசைன் ந1 × கொசைன் ந2 × சைன்²(வே/2)

பூச்சியத்துக்கு அருகே சைன் கோணத்தோடு சேர்ந்தே நகரும், அதனால் சிறு வேறுபாடுகள் தொலையாது. நம் இணைக்கு வல எழுச்சி வேறுபாடு 78 விநாடி, அதாவது 1170 விகலை. விலக்க வேறுபாடு சுமார் 226 விகலை. ஹாவர்சைனில் போட்டால் விடை ஏறத்தாழ 709 விகலை, அதாவது 11.8 கலை.

இவ்வளவு சிறிய கோணத்துக்குக் குறுக்குவழியே போதும் என்பதையும் பாருங்கள்: 1170 × கொசைன் 54.957 = 672; 672உம் 226உம் பிதாகரஸில் மீண்டும் 709. ஆக, அருந்ததிக்கும் வசிட்டருக்கும் நடுவே நிலாவின் அகலத்தில் ஐந்தில் இரண்டு பங்கு இடைவெளி. 2020 டிசம்பர் 21 அன்று வியாழனும் சனியும் நெருங்கி வந்தபோது அவற்றின் இடைவெளி சுமார் 6 கலை, அருந்ததி இடைவெளியில் பாதி.

படி 6: விரிதாளில் எழுதும்போது

ஹாவர்சைன் சிறு கோணத்தில் வலுவானது, ஆனால் 180 பாகைக்கு அருகில் அதுவும் தளரும். அங்கே அரைக் கோணம் 90ஐ நெருங்கிவிடுவதால் இம்முறை சைன் தட்டையாகிவிடுகிறது. எதிரெதிர்ப் புள்ளிகள் வானில் அரிதல்ல. ரோகிணிக்கும் கேட்டைக்கும் இடையே 169.96 பாகை. அதனால்தான் ஒன்று கிழக்கே எழும் நேரத்தை ஒட்டி மற்றது மேற்கே விழுகிறது.

எல்லாக் கோணத்துக்கும் ஒரே சூத்திரம் வேண்டுமென்றால், 1975இல் ததேயுஸ் வின்சென்டி புவிப்பரப்புத் தூரங்களுக்காக வெளியிட்ட முறையின் கோள வடிவத்தை எடுங்கள். பைத்தானின் ஆஸ்ட்ரோபை நூலகம் பயன்படுத்துவதும் இதைத்தான்.

மேல் = √[(கொசைன் ந2 × சைன் வே)² + (கொசைன் ந1 × சைன் ந2 − சைன் ந1 × கொசைன் ந2 × கொசைன் வே)²]
கீழ் = படி 4இன் வலப்பக்கம் அப்படியே
தொ = நேர்மாறு டேன் (மேல் ÷ கீழ்)

திருவாதிரை–ரோகிணிக்கு மேல் 0.36470, கீழ் 0.93113. நேர்மாறு டேன் மீண்டும் 21.39. கீழ் எதிர்மமாக இருந்தால் தொலைவு 90க்கு மேல் என்று பொருள். சாதாரண நேர்மாறு டேனுக்கு இது புரியாது, ஆகவே இரண்டு எண்களைத் தனித்தனியாக வாங்கும் ஏட்டன்2 என்ற செயற்கூறைப் பயன்படுத்துங்கள். இங்கே ஒரு கண்ணி இருக்கிறது. பைத்தானில் மேல் முதலில், கீழ் அடுத்து. எக்செல்லிலும் லிப்ரே ஆபிஸ் கால்க்கிலும் கீழ் முதலில், மேல் அடுத்து. மாற்றிக் கொடுத்தால் பிழைச்செய்தி வராது, 21.39க்குப் பதில் 68.61 என்று நம்பத்தக்க ஒரு தவறான எண் வரும். கையளவு காப்பாற்றும் இடம் இதுதான். விரிதாள் கோணங்களை ரேடியனில்தான் வாங்கும் என்பதால் ஒவ்வொரு பாகையையும் முதலில் ரேடியனாக்கவும், கடைசி விடையைத் திரும்பப் பாகையாக்கவும் மறக்கக் கூடாது.

திதியும் கோணத் தொலைவும்

பஞ்சாங்கம் பார்ப்பவர்கள் கேட்பார்கள்: சூரியனுக்கும் சந்திரனுக்கும் இடையே 12 பாகை கூடக்கூட ஒரு திதி நகர்கிறதே, அதுவும் கோணத் தொலைவுதானா? இல்லை. திதி என்பது சூரியப் பாதையை ஒட்டி அளந்த தீர்க்கரேகை வேறுபாடு மட்டும். சந்திரன் அந்தப் பாதையிலிருந்து 5 பாகைக்குச் சற்று அதிகமாக வடக்கிலோ தெற்கிலோ விலக முடியும், அந்த விலக்கத்தைத் திதி பார்ப்பதில்லை.

நம் சூத்திரம் எந்த ஆள்கூற்று முறைக்கும் பொருந்தும். நடுவரைக்குப் பதில் சூரியப் பாதையை அடிப்படையாக வைத்தால் சூரியனின் விலக்கம் எப்போதும் ஏறத்தாழ பூச்சியம், சைன் பகுதி முழுவதும் போய்விடும்:

கொசைன் தொ = கொசைன் (சந்திரனின் விலக்கம்) × கொசைன் (தீர்க்கரேகை வேறுபாடு)

அமாவாசை கணத்தில் வேறுபாடு பூச்சியம், அதன் கொசைன் 1. ஆக, தொலைவு சந்திரனின் விலக்கத்துக்குச் சமம். அது 5 பாகையாக இருந்தால் சூரியனிலிருந்து பத்து நிலா அகலம் தள்ளிச் சந்திரன் கடந்துபோகிறது. ஏறத்தாழ ஒன்றரைப் பாகைக்குள் வந்தால்தான் பூமியில் எங்காவது சூரிய கிரகணம் தெரியும். ஒவ்வொரு அமாவாசையிலும் கிரகணம் ஏன் வருவதில்லை என்ற பழைய கேள்விக்கு இந்த ஒரு வரிக் கணக்கே விடை. பிரதமை முடியும் கணத்தில், வேறுபாடு 12, விலக்கம் 5 என்று வைத்தால் தொலைவு 12.99 பாகை. ஏறத்தாழ ஒரு பாகை அதிகம். சூரியன் மறைந்தபின் மெல்லிய பிறையைத் தேடுவோருக்கு அந்த ஒரு பாகை சிறியதல்ல.

செய்து பார்க்க

கீழுள்ள இணைகளை நீங்களே போட்டுப் பாருங்கள். திருவாதிரையும் ரீகலும்: ரீகலின் வல எழுச்சி 5 மணி 14 நிமிடம் 32.3 விநாடி, விலக்கம் மேலே இருக்கிறது; விடை 18.61 பாகை. அடுத்து சுவாதியும் சித்திரையும்: சுவாதி 14 மணி 15 நிமிடம் 39.7 விநாடி, +19 பாகை 10 கலை 57 விகலை. சித்திரை 13 மணி 25 நிமிடம் 11.6 விநாடி, −11 பாகை 9 கலை 41 விகலை, விடை 32.79. இரண்டாவதில் 15 பாகைக்குச் சற்றுக் குறைவாக வந்தால் சித்திரையின் கழித்தல் குறியை விட்டிருக்கிறீர்கள். வைகாசி முன்னிரவில் இரண்டும் உச்சிக்கு அருகே ஏறி நிற்கும். மூன்று முட்டியும் அதற்குமேல் மூன்று சுண்டுவிரல் அகலத்துக்குச் சற்றுக் குறைவாகவும் வைத்துச் சரிபாருங்கள்.